நிறுத்தி வைத்த காரில் தானாக அலாரம் அடிக்கிறதா, பேட்டரி இறங்குகிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

ராத்திரி இரண்டு மணிக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கார் கத்த ஆரம்பிக்கும். வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிடுவார். ரிமோட்டை அழுத்தி அடக்கிவிட்டு வந்து படுத்தால் அரை மணியில் மறுபடியும் கத்தும். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பிச் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்று சத்தம் வருமே தவிர, செல்ஃப் எடுக்காது. பேட்டரிக் கடையில் கேட்டால் பேட்டரியை மாற்றச் சொல்வார்கள். அலாரம் மாட்டிக் கொடுத்தவரைக் கேட்டால் அலாரத்தை மாற்றச் சொல்வார். இரண்டையும் மாற்றிய பிறகும் தொல்லை தீராதவர்கள் நிறையப் பேர்.

அலாரமும் பேட்டரியும் ஒன்றையொன்று கெடுக்கக்கூடியவை. கார் பூட்டியிருக்கும்போதும் அலாரம் யூனிட் விழித்துக்கொண்டுதான் இருக்கும். பேட்டரி வோல்டேஜ் கீழே போனால் அது கதவு, பானெட் சுவிட்சுகளின் சிக்னலைத் தப்பாகப் புரிந்துகொள்ளலாம். தனி பேட்டரி உள்ள சைரனாக இருந்தால், யாரோ ஒயரை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்துக் கத்தும். திருப்பிப் பார்த்தால், அலாரம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் பேட்டரிதான் அடி வாங்குகிறது. நான்கு இண்டிகேட்டரிலும் 21 வாட் பல்பு இருந்தால், அவை எரியும் கணத்தில் மட்டும் 7 ஆம்பியர் போகும். அதோடு காரின் கம்ப்யூட்டர்களும் விழித்து, மறுபடி தூங்குவதற்குள் கொஞ்ச நேரம் மின்சாரத்தைக் குடிக்கும். அதனால் எது முதலில் கெட்டது என்று பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். புது பேட்டரி வாங்குவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

வேண்டிய பொருட்கள் அதிகமில்லை. 10 ஆம்பியர் வரை அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று (எலெக்ட்ரிகல் கடைகளில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும்), 10-ஆம் நம்பர் ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், டார்ச். ஒரு நோட்டும் பேனாவும் கட்டாயம் வேண்டும்.

படி 1: எது கத்துகிறது?

'பீப் அடிக்கிறது' என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. காருக்குப் பக்கத்தில் நின்று, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். காரின் ஹார்னே விட்டுவிட்டு அடித்தால், அது பெரும்பாலும் கம்பெனி அலாரம். பானெட்டுக்குள் ஒரு மூலையிலிருந்து கீச்சென்று பல ராகத்தில் ஊளையிட்டால், அது வெளியில் மாட்டிய அலாரத்தின் சைரன்.

காருக்குள்ளிருந்து மெல்லிய 'பீப்' மட்டும் வந்தால் அது அலாரமே இல்லாமல் இருக்கலாம். டாஷ்போர்டில் சோலார் தகட்டோடு ஒட்டியிருக்கும் டயர் பிரஷர் டிஸ்ப்ளே அப்படிக் கத்தும். டயரில் காற்று குறைந்தாலோ சென்சாரின் செல் தீர்ந்துவரும்போதோ எச்சரிக்கும். கார் லேசாக அதிர்ந்தாலும் விழித்துக்கொள்ளும். டேஷ் கேமரா, ஜிபிஎஸ் கருவி, உள்ளே மறந்து வைத்த சாவி, அணைக்காத விளக்கு என்று இன்னும் பல இருக்கின்றன. பட்டன் ஸ்டார்ட் காரில் இரண்டாவது சாவியை டிக்கியில் இருக்கும் பையில் போட்டுவிட்டுத் தேடுகிறவர்களும் உண்டு.

எப்போது அடிக்கிறது என்பதையும் எழுதிவையுங்கள். பூட்டிய ஒரு நிமிடத்துக்குள் அடித்தால் ஏதோ ஒரு கதவு சரியாக மூடவில்லை, அல்லது மூடியதாகச் சுவிட்ச் சொல்லவில்லை. மழை பெய்த அன்று மட்டும் என்றால் சுவிட்சிலோ ஒயரிலோ ஈரம். விடியற்காலையில் மட்டும் என்றால் பேட்டரி மேல்தான் முதல் சந்தேகம். ராத்திரி முழுக்கச் சார்ஜ் இறங்கி வோல்டேஜ் அடிமட்டத்துக்கு வரும் நேரம் அதுதான். வெளியில் மாட்டும் அலாரங்கள் பலவற்றில், பூட்டைத் திறக்கும்போது வழக்கத்தைவிட ஒன்றிரண்டு பீப் கூடுதலாக வந்தால் 'நீங்கள் இல்லாதபோது ஏதோ நடந்தது' என்று அர்த்தம். எத்தனை பீப், எத்தனை முறை விளக்கு மினுக்கியது என்று எண்ணி, அலாரத்தோடு வந்த கையேட்டில் பாருங்கள். எந்தக் கதவு, எந்த சென்சார் என்று சில கையேடுகளில் அட்டவணையே போட்டிருப்பார்கள்.

படி 2: பேட்டரியை அளப்பது

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பிளஸ்ஸில், கறுப்பு முனை மைனஸில். கார் ராத்திரி முழுக்க நின்றிருக்க வேண்டும். ஓட்டிவிட்டு வந்த உடனே அளந்தால் வோல்டேஜ் பொய்யாக உயர்ந்து காட்டும்.

12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். 11.8-க்குக் கீழே காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 12.0 என்ற எண்ணைப் பார்த்து 'பன்னிரண்டு வோல்ட் பேட்டரிதானே, சரியாக இருக்கிறதே' என்று நினைப்பவர்கள் அதிகம். அங்கேதான் ஏமாறுகிறோம்.

அடுத்து, மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும்போது வோல்டேஜ் சட்டென்று இறங்கும். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி 9.6-க்குக் கீழே போனால் அதற்கு வயதாகிவிட்டது. இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது (மெக்கானிக்குகள் பலர் டைனமோ என்பார்கள்). சில புதுக் கார்கள் எரிபொருளை மிச்சப்படுத்தச் சார்ஜிங்கைத் தாமே குறைத்துக்கொள்ளும். அந்தக் கார்களில் ஹெட்லைட்டையும் ஏசி ப்ளோயரையும் போட்டுவிட்டு அளந்து பாருங்கள். இன்ஜின் ஓடியும் 12.5-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது, அப்படியே ஓட்டாதீர்கள்.

பேட்டரி மேல் இருக்கும் பச்சைக் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது ஆறு அறைகளில் ஒன்றை மட்டுமே பார்க்கிறது. மற்ற ஐந்தில் ஒன்று செத்திருந்தாலும் கண் பச்சையாகவே இருக்கும்.

டெர்மினல்களையும் கையோடு பார்த்துவிடுங்கள். கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள். நூலிழைகூட அசையக் கூடாது. அசைந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கும் அலாரம் திடீரென்று ரீசெட் ஆகிக் கத்துவதற்கும் அந்த ஒரு நட்டே காரணமாக இருக்கலாம். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மைனஸை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு வரும். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடிக்குள் போகக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை அவசியம், அது கந்தக அமிலம். பேட்டரியின் ஈயக் கம்பத்தையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, பிளஸ்ஸை முதலில் மாட்டி இறுக்கிவிட்டு, மேலே வாசலின் தடவுங்கள். மைனஸ் கேபிள் காரின் பாடியில் முறுக்கப்பட்டிருக்கும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். எர்த் துருப்பிடித்து விநோதக் கோளாறுகள் காட்டும் கார்கள் கடற்கரை ஊர்களில் சாதாரணம்.

படி 3: குற்றவாளி பேட்டரியா, காரா?

இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனாலும் பெரும்பாலோர் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள். 45 ஆம்பியர் ஹவர் பேட்டரியை 4 ஆம்பியர் சார்ஜரில் போட்டால் 10 முதல் 12 மணி நேரம் ஆகும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் நெருப்போ பீடி சிகரெட்டோ கூடவே கூடாது. சார்ஜரை எடுத்து நான்கைந்து மணி நேரம் கழித்து அளந்து, எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மைனஸ் கேபிளைக் கழற்றி, கம்பத்தைத் தொடாதபடி ஒரு துணியால் சுற்றி ஒதுக்கிவிட்டு, இரண்டு ராத்திரி அப்படியே விடுங்கள்.

மறுபடி அளக்கும்போது 12.6 அப்படியே இருந்தால் பேட்டரி நல்லது. காரில் ஏதோ ஒன்று அதைக் குடிக்கிறது. எதோடும் சேராமல் தனியாக இருந்தும் 12.3, 12.2 என்று இறங்கியிருந்தால் பேட்டரிக்குள்ளேயே கோளாறு. அப்போது தயங்காமல் மாற்றலாம். நம் வெயிலில் மூன்று நான்கு வருடம் உழைத்திருந்தாலே அது போதுமான ஆயுள்தான்.

கழற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை: சாவி கையில் இருக்கட்டும், உள்ளே பூட்டிக்கொள்ளாதீர்கள். பேட்டரி டிக்கியில் இருக்கும் கார் என்றால் டிக்கியை மூடாதீர்கள். ஸ்டீரியோ கோட் கேட்கும் வகையாக இருந்தால் கோட் எங்கே என்று தேடி வையுங்கள். சைரனுக்குத் தனி பேட்டரி இருந்தால், மைனஸைக் கழற்றிய உடனே அது ஊளையிடும். சைரனிலேயே இருக்கும் சிறிய சாவித் துவாரத்தில் சாவியைப் போட்டு முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

படி 4: பொய் அலாரத்தைத் துரத்துவது

பேட்டரி 12.5-க்கு மேல் இருக்கும்போதும் அலாரம் தானாக அடித்தால், இனி சென்சார்களைப் பார்க்கலாம்.

நான் முதலில் சந்தேகப்படுவது பானெட் சுவிட்சைத்தான். வெளியில் மாட்டிய அலாரங்களில் அது பானெட்டின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு நிற்கும் ஒரு ஸ்ப்ரிங் குச்சி, மேலே ரப்பர் குல்லாய். பானெட்டை மூடினால் அமுங்க வேண்டும். மழையும் இன்ஜின் சூடும் மாறி மாறிப் பட்டு ரப்பர் வெடித்து, குச்சியில் துரு ஏறி, பாதியில் சிக்கிக்கொள்ளும். விரலால் அழுத்தி விடுங்கள். சட்டென்று துள்ளி மேலே வர வேண்டும். சோம்பேறித்தனமாக எழுந்தால் அதுதான். சுவிட்ச் நன்றாக இருந்தும் பானெட் அதை முழுக்க அழுத்தாமல் இருக்கலாம்: குச்சியின் தலையில் கொஞ்சம் களிமண்ணோ மாவோ வைத்து பானெட்டை மூடித் திறந்தால் எவ்வளவு நசுங்கியது என்று தெரிந்துவிடும். கம்பெனி அலாரத்தில் சுவிட்ச் பானெட் பூட்டுக்குள்ளேயே இருக்கும். கிரீஸும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். துடைத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பாருங்கள்.

கதவுகளுக்கு, டிரைவர் முன்னால் ஸ்பீடோமீட்டர் பகுதியில் தெரியும் கதவுப் படத்தையும் உள் விளக்கையும் கவனித்தால் போதும். எல்லாக் கதவையும் மூடி, ஒவ்வொன்றாக வெளியிலிருந்து அழுத்தியும் இழுத்தும் பாருங்கள். விளக்கு ஒரு கணம் மினுக்கினால் அந்தக் கதவின் பூட்டுச் சுவிட்ச் போய்க்கொண்டிருக்கிறது. கதவுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய்க்குள் ஒயர்கள் போகும். டிரைவர் கதவு அதிகம் திறந்து மூடுவதால் அங்கே உறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்துபோவது உண்டு. பவர் விண்டோவும் அவ்வப்போது மக்கர் செய்தால் அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஷாக் சென்சார் என்பது டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் தீப்பெட்டி அளவுப் பெட்டி. அதன் திருகைக் கொஞ்சம் குறைத்தால் லாரி போவதற்கும் இடி இடிப்பதற்கும் கத்தாது. தீபாவளி ராத்திரியில் தெரு முழுக்கக் கார்கள் அலறுவது இதனால்தான். பெட்டி கழன்று ஒயரில் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். காருக்குள் அசைவை உணரும் சென்சார் இருந்தால் கண்ணாடியை முழுக்க ஏற்றி, முன்னால் தொங்கும் பொம்மையைக் கழற்றிவிடுங்கள். பல்லியோ பூச்சியோ நடந்தாலும் அது அடிக்கக்கூடும்.

ரிமோட்டைப் பலர் மறந்துவிடுவார்கள். பட்டன் அழுந்தியபடி சிக்கிக்கொண்டாலோ உள்ளே ஈரம் போனாலோ அதுவே சிக்னல் அனுப்பும். ஒரு ராத்திரி இரண்டு ரிமோட்டிலிருந்தும் செல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள். அன்று கார் அமைதியாக இருந்தால் விடை கையில்தான் இருக்கிறது. பல ரிமோட்டுகளில் இருப்பது 3 வோல்ட் சிஆர் 2032 செல். மாற்றும்போது பழைய செல்லின் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஒரு ராத்திரிக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, நோட்டில் எழுதுங்கள்.

படி 5: மின்சாரத்தை யார் குடிக்கிறார்கள்?

படி 3-இல் பேட்டரி நல்லது என்று தெரிந்தால் மட்டும் இது. பொறுமையாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பானெட்டைத் திறந்து, அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கார் பானெட் மூடியிருப்பதாக நினைக்க வேண்டும். ஃபியூஸ் பெட்டி உள்ளே இருந்தால் அந்தப் பக்கக் கதவின் பூட்டையும் அப்படியே செய்யுங்கள். முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும். சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். பட்டன் ஸ்டார்ட் சாவி பக்கத்தில் இருந்தால் சில கார்கள் தூங்கவே தூங்காது.

மல்டிமீட்டரில் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, டிசி ஆம்பியரில் வையுங்கள். மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக் கம்பத்துக்கும் நடுவே மீட்டர் வரும்படி இணையுங்கள். இந்த நிலையில் ஸ்டார்ட் செய்யவோ இக்னிஷனை ஆன் செய்யவோ கதவைத் திறக்கவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அளந்து முடித்ததும் சிவப்பு ஒயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். மறந்து அப்படியே பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் ஷார்ட் ஆகும்.

இணைத்தவுடன் சில ஆம்பியர் காட்டும், பயப்பட வேண்டாம். காரின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்க அரை மணி, சில கார்களில் ஒரு மணி நேரம்கூட ஆகும். அதற்குப் பிறகு 0.02 முதல் 0.05 ஆம்பியருக்குள் நின்றால் இயல்பு. 0.35-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.35 × 24 = 8.4 ஆம்பியர் ஹவர். சிறிய காரின் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இரண்டே நாளில் பாதி காலி. வெள்ளிக்கிழமை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனவர் திங்கட்கிழமை காலையில் திண்டாடுவது இப்படித்தான்.

அந்த 0.35 எங்கே போகிறது? ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய முறை. பிடுங்கி மாட்டும்போது தூங்கும் யூனிட் விழித்துக்கொண்டு குழப்பும். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கேபிளை மறுபடி பேட்டரியில் மாட்டி, காரை மீண்டும் தூங்கவிடுங்கள். மீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாற்றி, ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் முனைகளை வையுங்கள். பூஜ்யம் என்றால் அந்த வழியில் மின்சாரம் ஓடவில்லை. ஒரு மில்லிவோல்ட்டின் பின்னமாவது நிலையாகக் காட்டினால் அங்கே ஓடுகிறது. எந்த ஃபியூஸ் எதற்கு என்று பெட்டி மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ இருக்கும்.

வழக்கமாகச் சிக்குபவை கம்பெனி பொருத்திய பாகங்களைவிட, பிறகு நாம் மாட்டியவைதான். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவில் எப்போதும் மின்சாரம் வரும் மஞ்சள் ஒயரையும் சாவி போட்டால் மட்டும் வர வேண்டிய சிவப்பு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால், ஸ்டீரியோ திரை அணைந்தும் உள்ளே விழித்திருக்கும். ஆம்ப்ளிஃபையர், பார்க்கிங் மோடில் ஓடும் டேஷ் கேமரா, ஜிபிஎஸ் டிராக்கர், ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் சோதனைக் கருவியைச் செருகும் இடம்) செருகி மறந்த கருவி ஆகியவற்றையும் பாருங்கள். டிக்கி விளக்கும் கிளவ் பாக்ஸ் விளக்கும் அணைகிறதா என்று தெரிய, செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள்.

எந்த ஃபியூஸிலும் காட்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் டயோடு (மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விட வேண்டிய பாகம்) கசியலாம். நான்கைந்து மணி நேரம் நின்று இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகும் ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் கிட்டத்தட்ட உறுதி.

அப்புறம், எலி. பானெட்டுக்குள் புழுக்கையோ கடித்த பஞ்சோ கிடந்தால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு டார்ச் அடித்து ஒயர்களைப் பாருங்கள். உறை கடிபட்ட இரண்டு ஒயர்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் பேட்டரியும் இறங்கும், அலாரமும் அடிக்கும். டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். அந்தத் துண்டை வெட்டிச் சால்டர் செய்து உறை போடச் சொல்லுங்கள்.

படி 6: சரிசெய்யும்போதும் மாற்றும்போதும்

கோளாறே இல்லாத காரும் மூன்று நான்கு வாரம் நின்றால் பேட்டரி பாதிக்கு வந்துவிடும். வாரம் ஒருமுறை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுவது வீண். ஸ்டார்ட் செய்யச் செலவானதைத் தாண்டி அதிகம் ஏறாது. ஊருக்குப் போகிறீர்கள் என்றால் மைனஸைக் கழற்றிவிட்டுப் போகலாம்.

அவசரத்துக்கு ஜம்பர் கேபிள் போடும் வரிசை: சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸ், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ், கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசி முனை செத்த காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பு. பேட்டரிக்குப் பக்கத்தில் தீப்பொறி வராமல் இருக்கத்தான் அந்தக் கடைசி முனை தள்ளிப் போகிறது.

சிக்னலில் இன்ஜின் தானே அணைந்து ஓடும் வகைக் காருக்குச் சாதாரண பேட்டரியை வாங்காதீர்கள். அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும், முன்பு இருந்த அதே ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான் வேண்டும். மைனஸ் கிளாம்பில் சிறிய சென்சார் இருந்தால், சார்ஜரின் கறுப்பு கிளிப்பைக் கம்பத்தில் மாட்டாமல் பாடி எர்த்தில் மாட்டுங்கள். ஏர்பேகின் மஞ்சள் உறை ஒயர்களையும் ஹைப்ரிட், மின்சார கார்களின் ஆரஞ்சு கேபிள்களையும் தொடவே தொடாதீர்கள். வாரண்டி உள்ள காரில் ஒயரை வெட்டும் வேலை எதுவாக இருந்தாலும் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இவ்வளவும் பார்த்து நீங்களே முடிக்க முடியாமல் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போக நேர்ந்தாலும் உழைப்பு வீணில்லை. 'அண்ணே, பேட்டரி இறங்குது' என்று மட்டும் சொன்னால் அவர் முதலிலிருந்து தேட வேண்டும், அல்லது பேட்டரியை மாற்றச் சொல்லிவிடுவார். 'தனியாகக் கழற்றி வைத்தால் இரண்டு நாள் கழித்தும் 12.6 நிற்குது, காரில் மாட்டினால் அதே இரண்டு நாளில் 12.2. தூங்கின பிறகும் 0.35 ஆம்பியர் ஓடுது, ஸ்டீரியோ ஃபியூஸில் மில்லிவோல்ட் காட்டுது' என்று நோட்டை நீட்டுங்கள். அவர் நேராக ஸ்டீரியோவைக் கழற்றுவார்.